ஓவியனின் கண்ணும் இருட்டுப் பெட்டியும்

பழைய படம் ஒன்று உங்கள் கைக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பெரிய மண்டபம். கூரை பாதி சரிந்திருக்கிறது. தூண்களின் இடுக்குகளில் செடிகள் முளைத்திருக்கின்றன. பின்னால் மேகம் திரண்டு நிற்கிறது. முன்புறத்தில் எறும்பளவு மனிதர்கள் இருவர் நிற்கிறார்கள். படத்தின் அடியில் ஊர்ப் பெயரும் ஆண்டும் குறிக்கப்பட்டிருக்கின்றன.

இப்படத்தை நீங்கள் நம்பலாமா? அந்த மண்டபம் அந்த ஆண்டில் உண்மையாகவே அப்படித்தான் இருந்ததா? அந்த மேகமும் செடியும் அங்கே இருந்தவையா, ஓவியர் சேர்த்தவையா? வரலாறு படிப்பவர் ஒருநாள் இக்கேள்விகளை எதிர்கொண்டே தீரவேண்டும். ஏனெனில் நிழற்படக் கருவி தோன்றுவதற்கு முன் தமிழகக் கட்டடங்கள் எப்படி இருந்தன என்பதற்கு இத்தகைய படங்களே முக்கியமான கண்கூடான சான்றுகள். அவற்றைப் படிக்கும் முறையைச் சற்று ஆராய்வோம்.

இடிபாட்டில் என்ன அழகு?

18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் ஒரு புதிய மனப்போக்கு பிறந்தது. அதைப் புனைவியல் என்று தமிழில் வழங்குகிறோம். அளவும் ஒழுங்குமே அழகு என்ற பழைய கருத்தை அது ஏற்கவில்லை. உயர்ந்த மலை, பேரருவி, புயல், இருள், பாழடைந்த கோட்டை ஆகியவை மனிதனை வியக்கவும் அஞ்சவும் செய்கின்றன. அந்த உணர்ச்சியே கலையின் உயிர் என்று அது கருதியது. நீராவி எந்திரமும் நூற்பாலையும் இங்கிலாந்தில் பெருகிய அதே காலத்தில்தான் இந்த இயற்கை வேட்கையும் பெருகியது என்பது கவனிக்கத்தக்கது.

இக்கலைஞர்கள் கட்டடத்தையும் இயற்கையையும் ஒன்றோடொன்று பொருத்தி வரைந்தார்கள். இங்கிலாந்தின் எல்லையருகே வை ஆற்றங்கரையில் டின்டர்ன் மடாலயம் இருக்கிறது. 1536-இல் மூடப்பட்டுக் கூரையிழந்து கொடி படர்ந்து நின்ற அதை டர்னர் என்ற புகழ்பெற்ற ஓவியர் தம் இளமையில் வரைந்தார். ஜெர்மனியில் காஸ்பர் டேவிட் ஃபிரடரிக் 1809–10-இல் ஓக் மரங்களுக்கு நடுவே இடிந்து நிற்கும் மடாலயம் ஒன்றைத் தீட்டினார். மனிதன் கட்டியது அழியும், இயற்கை நிலைக்கும் என்பது இவற்றின் உட்பொருள்.

இடிபாட்டின் மேல் இருந்த இந்த மோகம் எவ்வளவு தூரம் சென்றது தெரியுமா? வில்லியம் கில்பின் என்ற பாதிரியார் 1782-இல் வை ஆற்றைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். டின்டர்ன் மடாலயத்தின் கூர்முகப்புகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதாகவும், ஒரு சுத்தியலைப் பார்த்துப் பயன்படுத்தினால் அழகு கூடும் என்றும் அதில் எழுதினார்!

நம் மரபு இதற்கு நேர்மாறானது. கோயில் சிதைந்தால் அதைப் பார்த்து இரசிப்பது நம் வழக்கமன்று. திருப்பணி செய்து குடமுழுக்கு நடத்துவதே வழக்கம். நிலக்காட்சியோடு உணர்ச்சியை இணைப்பது தமிழருக்குப் புதிதன்று என்பது உண்மையே. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற திணைப் பகுப்பு அதைத்தான் செய்கிறது. ஆயினும் இடிந்த சுவரை இடிந்ததாகவே வைத்து அழகு காணும் கண், கடல் கடந்துதான் இங்கு வந்தது.

தமிழகத்துக்கு வந்தவர்கள்

அந்தக் கண்ணோடு முதலில் வந்தவர் வில்லியம் ஹாட்ஜஸ். காப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் ஓவியராகச் சென்ற இவர் 1780-இல் சென்னைக்கு வந்தார். அப்போது ஹைதர் அலியுடன் போர் மூண்டது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படை பெருந்தோல்வி கண்டது. சென்னையை விட்டு உள்நாட்டில் சுற்ற ஹாட்ஜஸால் இயலவில்லை. 1781-இல் வங்காளம் சென்ற அவர், பின்னர் 48 இந்தியக் காட்சிகளை 1785 முதல் 1788 வரை இலண்டனில் அச்சிட்டார்.

அவரையடுத்து வந்தவர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய அண்ணன் மகன் வில்லியம் டேனியலும். 1786-இல் கல்கத்தாவை அடைந்தபோது தாமஸின் வயது 37 அளவில். வில்லியமோ பதினாறு, பதினேழு வயதுப் பையன். வட இந்தியாவில் இமயமலை அடிவாரம் வரை சென்று வந்த பின், 1792 மார்ச்சில் இருவரும் சென்னை வந்து சேர்ந்தார்கள். அடுத்த மாதமே தெற்கு நோக்கிப் பயணம் தொடங்கிற்று. மைசூர் எல்லையிலுள்ள மலைக்கோட்டைகள், மதுரை, பாபநாசம், இராமேசுவரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி என்று பல்லக்குத் தூக்கிகளும் சுமையாட்களும் உடன்வரச் சுற்றினார்கள். மாமல்லபுரத்தையும் வரைந்தார்கள். 1794-இல் இங்கிலாந்து திரும்பி, 1795 முதல் 1808 வரை 144 படங்களைக் ‘கீழ்த்திசைக் காட்சிகள்’ என்று பொருள்படும் தலைப்பில் பகுதி பகுதியாக வெளியிட்டார்கள்.

ஹாட்ஜஸ் வரைந்த இடங்கள் சிலவற்றை டேனியல்கள் வட நாட்டில் நேரில் கண்டார்கள். அவருடைய படங்கள் இடத்தோடு ஒத்துவரவில்லை என்று வில்லியம் தம் நாட்குறிப்பில் குறை கூறுகிறார். ஹாட்ஜஸ் உணர்ச்சியை முதலில் வைத்தார், கோடுகள் பிறகுதான். டேனியல்களோ கோடுகளில் பிழை வரக்கூடாது என்று கருதினார்கள். அதற்காக அவர்கள் கையாண்ட கருவியே இருட்டுப் பெட்டி.

இருட்டுப் பெட்டி வேலை செய்யும் விதம்

இதற்கு ‘காமிரா அப்ஸ்க்யூரா’ என்று பெயர். ஒளி புகாத ஒரு பெட்டி. அதன் ஒரு பக்கத்தில் குவிவில்லை. உள்ளே 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி. மேலே தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடித் தகடு. எதிரிலுள்ள காட்சியின் ஒளி வில்லை வழியே வந்து, கண்ணாடியில் பட்டு மேலே திரும்பி, தகட்டில் விழுகிறது. அங்கே ஒரு மெல்லிய தாளை வைத்தால், கோபுரம் தானே வந்து தாளில் அமர்ந்துகொள்ளும்! பென்சிலால் கோடுகளைப் பின்பற்றிச் சென்றால் போதும்.

கணக்கும் எளிதே. பிம்பத்தின் உயரத்துக்கும் பொருளின் உயரத்துக்கும் உள்ள விகிதம், வில்லையிலிருந்து அவை இருக்கும் தூரங்களின் விகிதமே ஆகும். ஏறத்தாழ 60 மீட்டர் உயரமுள்ள தஞ்சை விமானத்தை 200 மீட்டர் தொலைவிலிருந்து பார்க்கிறீர்கள் என்று கொள்வோம். வில்லைக்கும் தாளுக்கும் இடையே 30 சென்டிமீட்டர் இருந்தால், தாளில் விமானம் 9 சென்டிமீட்டர் உயரம் வரும். இரண்டு தளங்களின் உயரங்களுக்கிடையே உள்ள விகிதமும், தூண்களின் எண்ணிக்கையும், சாய்வும் மாறாமல் விழும். ஆகவே இப்பெட்டியின் உதவியால் வரைந்த படத்தில் கட்டடத்தின் உருவளவுகளைப் பெருமளவு நம்பலாம்.

ஆனால் பெட்டி எதைத் தராது என்பதையும் கவனியுங்கள். எந்த இடத்தில் பெட்டியை வைப்பது என்று அது சொல்வதில்லை. நிற்காமல் நகரும் மேகத்தையும், நடந்து போகும் மனிதரையும் பென்சில் பின்தொடர முடியாது. மரத்தின் ஆயிரம் இலைகளையும் தொட்டு வரைய இயலாது. கட்டடம் அசையாதது, ஆதலால் பெட்டிக்கு உரியது. வானமும் மரமும் மனிதரும் அசைபவை, ஆதலால் ஓவியரின் மனத்துக்கு உரியவை. ஒரு பழைய படத்தைக் கையில் எடுத்ததும் இந்தப் பிரிவினையை முதலில் செய்துகொள்ளுங்கள்.

செப்புத் தகட்டில் மேகம்

தாளில் வரைந்தது அப்படியே நமக்குக் கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான படிகள் வேண்டுமானால் அச்சிட வேண்டும். டேனியல்கள் கையாண்ட முறைக்கு அக்வாடின்ட் என்று பெயர்.

மெருகேற்றிய செப்புத் தகட்டின் மீது பிசின் தூளைத் தூவிச் சூடாக்குவார்கள். தூள் உருகி நுண்ணிய துளிகளாகத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தகட்டை அமிலத்தில் இடுவார்கள். துளிகளுக்கு இடைப்பட்ட செம்பை அமிலம் அரித்துக் குழிகளாக்கும். வெண்மையாக இருக்க வேண்டிய இடங்களை முதலிலேயே வார்னிஷால் மூடிவிடுவார்கள். சற்று நேரம் அரித்தபின் இளஞ்சாம்பல் வேண்டிய இடங்களை மூடுவார்கள். இவ்வாறு படிப்படியாக அரிக்க அரிக்க, அதிக நேரம் அமிலத்தில் இருந்த இடம் ஆழமாகி அதிக மையைப் பிடித்துக் கறுப்பாக அச்சாகும். மழை மேகத்தின் மென்மையான சாயலைக் காட்ட இதைவிடப் பொருத்தமான முறை அன்று இல்லை. அச்சான பின் நீர்வண்ணத்தைக் கையால் பூசுவார்கள். டேனியல்கள் முதன்முதலில் கல்கத்தாவில் 12 நகரக் காட்சிகளை இம்முறையில் அச்சிட்டபோது இந்தியத் தொழிலாளர்களின் துணையோடுதான் செய்தார்கள்.

இங்கே இரண்டாவது எச்சரிக்கை. 1792-இல் வரைந்த தென்னிந்தியக் காட்சிகள் பல 1798-இலும், சில 1807-இலுந்தான் வெளியாயின. ஆறு முதல் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, இலண்டன் பட்டறையில் வானத்துக்கு நிறம் கொடுக்கிறார்கள்! இங்கிலாந்தில் நண்பகல் சூரியன் எப்போதும் தென்திசையிலேயே நிற்கும். மதுரையிலோ ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். எனவே ஒரு படத்தில் நிழல் விழும் திசையை, கட்டடம் நோக்கும் திசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்நிழல் அந்த இடத்தில் விழக்கூடியதா என்பதை நீங்களே கண்டறியலாம். இது வானியல் துணைகொண்டு ஓவியத்தைச் சோதிக்கும் முறை.

கோபுரத்தில் ஆலஞ்செடி

புனைவியல் ஓவியர்களுக்கு மிகவும் பிடித்தது கட்டடத்தின் மேல் வளரும் மரம். நம் நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆல், அரசு, அத்தி ஆகிய மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவற்றின் பழங்களைப் பறவைகள் தின்று, விதைகளை எச்சத்தோடு கோபுரத்தின் இடுக்குகளில் இடுகின்றன. சுண்ணாம்புக் காரையில் தங்கும் சிறிது ஈரமே முளைப்பதற்குப் போதும். முடி போன்ற வேர் முதலில் இடுக்கில் நுழைகிறது. ஆண்டுதோறும் பருத்து, ஆப்பு வைத்ததுபோல் செங்கற்களைப் பிரிக்கிறது. பிளவில் மழைநீர் இறங்குகிறது. காரை கரைகிறது. வேர் இன்னும் உள்ளே போகிறது. சில சமயம் இதே வேர்கள் வலைபோல் பின்னிக்கொண்டு சுவரைத் தாங்கி நிற்பதும் உண்டு. அப்போது மரத்தை வெட்டினால் சுவரும் சேர்ந்து விழும்.

ஓவியர் அழகென்று வரைந்ததைப் பொறியாளர் நோயென்று படிக்கிறார். செடி எத்தனை பெரியது, எந்தத் தளத்தில் நிற்கிறது என்பதைப் படம் சரியாகக் காட்டினால், அக்கட்டடம் எத்தனை காலம் பராமரிப்பின்றிக் கிடந்தது என்பதை ஓரளவு கணிக்கலாம். அழகுக்காக வரைந்த ஒன்று அறிவியலுக்குப் பயன்படுவது இப்படித்தான்.

பாறையா, கட்டடமா?

மாமல்லபுரத்தில் இயற்கைக்கும் கட்டடத்துக்கும் இடையே கோடு கிழிக்கவே முடியாது. அங்குள்ள ஐந்து இரதங்கள் கல்லை அடுக்கிக் கட்டியவை அல்ல. தரையில் கிடந்த பாறைகளையே மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயிலாக்கினார்கள். 7-ஆம் நூற்றாண்டில் பல்லவர் தொடங்கிய அவ்வேலை முற்றுப்பெறவில்லை. பாறை எங்கே முடிகிறது, கோயில் எங்கே தொடங்குகிறது என்பது இன்றும் அங்கே கண்ணுக்குத் தெரியும். டேனியல்களின் வெளியீட்டில் மாமல்லபுரப் பாறைச் சிற்பங்களும் குடைவரை ஒன்றின் வாயிலும் இடம்பெற்றதில் வியப்பில்லை.

கடலோரம் தனித்து நிற்கும் கோயில் கற்பனையையும் கிளப்பிவிட்டது. ஏழு கோயில்கள் இருந்தன, ஆறு கடலில் மூழ்கின என்ற செவிவழிக் கதையை ஐரோப்பியப் பயணிகள் கேட்டெழுதினார்கள். வில்லியம் சேம்பர்ஸ் என்பவர் எழுதிய மாமல்லபுரக் கட்டுரை 1788-இல் கல்கத்தாவின் ஆசியக் கழக வெளியீட்டில் வந்தது. அதையொட்டி இராபர்ட் சதி என்ற ஆங்கிலக் கவிஞர் 1810-இல் வெளியிட்ட ‘கெஹாமாவின் சாபம்’ என்ற நெடுங்கவிதையில் கடலடி நகரம் ஒன்றைப் படைத்தார். கற்பனை அத்தோடு நிற்கவில்லை; ஆய்வுக்கும் தூண்டுகோலாயிற்று. 2002 ஏப்ரலில் கோவாவிலுள்ள தேசிய கடலாய்வு நிறுவனத்தினர் பிரிட்டிஷ் குழு ஒன்றோடு சேர்ந்து மாமல்லபுரக் கடலில் மூழ்கி ஆராய்ந்தபோது, மனிதர் கைபட்ட கற்கட்டுமானங்கள் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின், அருகிலுள்ள சாளுவன்குப்பத்தில் மணலுக்கடியிலிருந்து பழைய முருகன் கோயில் ஒன்றை இந்தியத் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது. ஏழு கோயில் கதை இவற்றால் மெய்ப்பட்டுவிடவில்லை. ஆனால் கடற்கரை நிலையானதன்று என்பது உறுதியாயிற்று.

மதுரை அரண்மனைக்கு மூன்று சாட்சிகள்

திருமலை நாயக்கர் அரண்மனை 1636-இல் கட்டப்பட்டது. அவருடைய பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இதன் பெரும்பகுதியைப் பிரித்துக் கொண்டுபோனார். எஞ்சியதைக் காலம் அரித்தது. டேனியல்கள் 1792-இல் வந்தபோது கண்டது இந்த நிலையைத்தான். அரண்மனையின் ஒரு பகுதி, உட்புறம், இடிபாடுகள் என்று தனித்தனிப் படங்களாக அச்சிட்டார்கள். இவர்கள் முதல் சாட்சி.

இரண்டாவது சாட்சி லின்னேயஸ் ட்ரைப் என்ற படை அதிகாரி. 1856-இல் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பட்ட இவர், 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் திருச்சியையும் படமெடுத்தார். தஞ்சை விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். மதுரை அரண்மனையையும் பல கோணங்களில் எடுத்தார். அதன் பிறகு 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் அரண்மனை பழுதுபார்க்கப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடமே மூன்றாவது சாட்சி.

இப்போது கட்டடத்தில் எது பழையது, எது திருத்தியது என்று அறிய வேண்டுமானால் மூன்றையும் அருகருகே வைக்க வேண்டும். ஓவியமும் நிழற்படமும் ஒத்துச் சொல்வதை ஏறத்தாழ உறுதி எனக் கொள்ளலாம். ஓவியத்தில் மட்டும் உள்ளது ஐயத்துக்குரியது. அல்லது இடைப்பட்ட 66 ஆண்டுகளில் அழிந்தது.

நிழற்படம் மட்டும் பொய் சொல்லாதா? ட்ரைப் பயன்படுத்தியது மெழுகு தோய்த்த தாளில் எடுக்கும் எதிர்ப்படம். அதில் வானம் வெறுமையாக விழும். இலைகள் திட்டுத் திட்டாக விழும். ஆகவே எதிர்ப்படத்தின் மேலேயே சாயம் தீட்டி மேகத்தையும் இலைத் தழைப்பையும் அவர் சேர்த்தார்! வேதியியல் வந்த பின்னும் ஓவியரின் கை ஓயவில்லை. நெடுநேரம் ஒளிபடச் செய்ய வேண்டியிருந்ததால், நடமாடிய மனிதர்கள் படத்தில் பதியாமலே மறைந்தார்கள். ஆளில்லாத மதுரை என்று நாம் அதைப் படித்தால் ஏமாந்துபோவோம்.

படத்தில் இல்லாதவை

சேர்த்ததைக் கண்டுபிடிப்பது எளிது. விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். 1792 மார்ச்சில் திப்பு சுல்தானுடன் உடன்படிக்கை ஏற்பட்டு, பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்தன. டேனியல்கள் புறப்பட்டது அடுத்த மாதம். ஆனால் இராயக்கோட்டை போன்ற மலைக்கோட்டைகளை அவர்கள் அமைதி தவழும் எழில்மலைகளாகவே காட்டினார்கள். அந்த வழிகளில் படைகள் நடந்து இரண்டு மாதமும் ஆகவில்லை என்பதைப் படம் சொல்லாது, தேதிதான் சொல்லும்.

இயற்கையும் மாறுகிறது. அவர்கள் வரைந்த பாபநாச அருவிக்கு மேலே 1940களில் அணை கட்டி நீர்மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். கட்டுப்படுத்தப்படாத தாமிரபரணி பாய்ந்த விதத்துக்கு அப்படம் ஒரு சான்று. அன்று அருவி பொழுதுபோக்குக் காட்சி. இன்று அது ஆற்றின் வரலாறு.

காக்களூரில் ஒரு படம்

இந்தப் படிப்பினையை உங்கள் ஊரிலேயே சோதிக்கலாம். திருவள்ளூரை அடுத்த காக்களூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபக்கம் ஏரி, ஒருபக்கம் தொழிற்பேட்டை. சற்றுத் தொலைவில் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயிலும் குளமும். புனைவியல் ஓவியர் ஒருவர் வந்தால் என்ன செய்வார்? கோயிலையும் குளத்தையும் வரைந்துவிட்டுத் தகரக் கொட்டகைகளையும் மின்கம்பிகளையும் விட்டுவிடுவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? எல்லோரும் அப்படி இல்லை. பிலிப் டி லூதர்பர்க் என்ற ஓவியர் 1801-இல் இங்கிலாந்தின் கோல்புரூக்டேல் இரும்பு உலைகளை இரவு வேளையில் வரைந்தார். நிலவொளியும் உலைத்தீயும் ஒரே வானத்தில் மோதுகின்றன. தொழிற்சாலையும் அவருக்கு மலையைப்போல், அருவியைப்போல் வியப்பும் அச்சமும் தரும் காட்சியே.

ஓர் அட்டைப்பெட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டு, எண்ணெய் தடவிய தாள் ஆகியவை போதும். இருட்டுப் பெட்டியை மாணவர்கள் ஒரே மாலையில் செய்துவிடலாம். சூரியனை நோக்கி மட்டும் அதைத் திருப்பாதீர்கள், கண்ணுக்குக் கேடு. ஏரிக்கரையில் நின்று ஒரு படம் வரையுங்கள். நீர் எதுவரை நிற்கிறது, கரையில் என்ன மரங்கள், எதிரே எத்தனை கொட்டகைகள் என்று எதையும் விடாமல் காட்டுங்கள். அடியில் தேதி, நேரம், நின்ற இடம், நோக்கிய திசை ஆகிய நான்கையும் எழுதுங்கள். வானத்தை மனத்திலிருந்து தீட்டியிருந்தால் அதையும் குறித்துவிடுங்கள்.

டேனியல்கள் இந்தக் கடைசிக் குறிப்பை எழுதி வைத்திருந்தால், இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு நாம் இவ்வளவு ஆராய வேண்டியிருக்காது. ஏரிகள் சுருங்குகின்றன, ஆலைகள் பெருகுகின்றன, கோயில்கள் புதுப்பிக்கப்படுகின்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து ஏரியின் கரை எங்கே இருந்தது என்று யாரேனும் கேட்கக்கூடும். அன்று உங்கள் தாள் ஒன்று பதில் சொல்லட்டும்.